மூன்றுக்கு இரண்டு

வலைக்காரரின் தொழிற்சாலைக்குள் ராணுவம் முதன்முதலாக நுழைந்தபோது, தோளில் ஒரு துணிப்பையும் கையில் சொந்த அளவு நாடாவுமாக, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரின் உருவத்தில் நுழைந்தது. பின்னால் ஜீப் இல்லை, துப்பாக்கி இல்லை, விறைப்பாக நிற்க இரண்டு பேர் இல்லை. வாசலில் நூல் கண்டு தடுக்கியதற்கு அது "மன்னிச்சுக்குங்க" என்றுகூடச் சொன்னது.

"ராணுவக் கொள்முதல் பிரிவுலேருந்து வர்றேன்" என்றார் அந்த அம்மாள்.

வலைக்காரர் முப்பது வருஷமாக மீனோடு மட்டுமே சண்டை போட்டவர். மத்திக்கு ஒரு கண், இறாலுக்கு ஒரு கண், சூரைக்கு ஒரு கண் என்று வலைக்கண்ணின் அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"தப்பான கதவைத் தட்டிட்டீங்கம்மா. இங்க இருக்கிறதுலயே பெரிய ஆயுதம் கத்தரிக்கோல்தான். அதுவும் மொண்ணை."

"சரியான கதவுதான்" என்று சொல்லி அதிகாரியம்மா நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். "பதினெட்டு வருஷம் டாங்கிக்கு உதிரிப் பாகம் வாங்கினேன். ஒரு பல்சக்கரம் வாங்கணும்னா நாலு வருஷம், நாற்பது கையெழுத்து. இப்ப என்னடான்னா, கடையில கிடைக்கிற பறக்கிற பொம்மை ஒண்ணு, அடியில ரெண்டு கிலோ வெடியைக் கட்டிக்கிட்டு வந்து, அந்த டாங்கியையே முடிச்சுட்டுப் போயிடுது. பெரிய மனுஷங்க எல்லாம் கூடி ஒரு வருஷம் யோசிச்சாங்க. கடைசியா என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா?"

"என்ன?"

"மீன் வலை."

வலைக்காரருக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. நூல் வியாபாரி மூன்று மாதமாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. முன்பெல்லாம் வாரம் ஒரு முறை வந்து, டீ குடித்து, மாதிரிக் கண்டுகளை மேசையில் பரப்பிக் கெஞ்சுகிற ஆள். உலகத்தில் பல நாடுகள் ஒரே நேரத்தில் சாலைக்கு மேல் வலை கட்ட ஆரம்பித்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத விமானம் வைத்திருப்பதாகப் பெருமை பேசிய தேசங்கள்கூட நூல் கண்டுக்கு வரிசையில் நின்றன. நூல் வியாபாரி ஏன் இனி யாரிடமும் கெஞ்ச வேண்டும்?

பாதுகாப்புத் துறைத் தயாரிப்பாளராகப் பதிவு செய்ய நாற்பது பக்கப் படிவம் ஒன்று வந்தது. பீரங்கிக் காலத்தில் அச்சடித்தது. 'தங்கள் தயாரிப்பின் தாக்கும் தூரம் எவ்வளவு?' என்று கேட்டிருந்தது. வலைக்காரர் 'படகு போகும் தூரம்' என்று எழுதினார். 'தயாரிப்பால் உயிரிழப்பு ஏற்படக்கூடுமா?' என்ற கேள்விக்கு 'மீனுக்கு மட்டும்' என்று எழுதினார். படிவம் ஏற்கப்பட்டது. மீனுக்கு வலை விற்ற மனிதர் ஒரே வாரத்தில் பாதுகாப்புத் துறைக்காரர் ஆனார்.

பேரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. அதிகாரியம்மாவும் கடைத்தெருவில் வளர்ந்தவர்போல் இருந்தார். விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கவில்லை, எழுந்து போகிற பாவனையும் காட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். அவர் துடைக்கத் துடைக்க விலை தானாக இறங்கியது. வலைக்காரர் அதை மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். நல்ல எதிராளி கிடைப்பது நல்ல வாடிக்கையாளர் கிடைப்பதைவிட அரிது என்பது அவர் எண்ணம்.

அந்தப் பேரத்தில் அவர் இரண்டு காரியம் செய்தார்.

முதலாவது, ஒரு பொய். துறைமுக வாசல் வழியாக வந்த அதிகாரியம்மா, அங்கே வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்த பழைய வலைகளைப் பார்த்திருந்தார். படகுக்காரர்கள் கழித்துப் போட்டவை. "அதெல்லாம் உதவாதா?" என்று கேட்டார்.

"அதுவா? வெயில்ல வெந்து போனதும்மா. ஒரு காக்காயைக்கூடத் தடுக்காது."

அதிகாரியம்மா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது, ஒரு மௌனம். "சாலை பன்னிரண்டு கிலோமீட்டர். அப்ப வலையும் பன்னிரண்டு" என்றார் அதிகாரியம்மா.

வலைத் தொழிலில் நீளம் என்பது வலையை முழுசாக இழுத்து அளந்த நீளம். அப்படியே யாரும் கட்டுவதில்லை. மூன்று மீட்டர் வலையை இரண்டு மீட்டர் கயிற்றில் தொய்வாகச் சேர்த்துக் கட்டுவார்கள். மூன்றுக்கு இரண்டு. தொய்வு இருந்தால்தான் வந்து மோதுவது சிக்கும், சுற்றிக்கொள்ளும், திணறும். எந்தப் படகுக்காரரும் இதைக் கேட்க மாட்டார், எந்த வலைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார். மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆக, பன்னிரண்டு கிலோமீட்டர் சாலைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வலை வேண்டும்.

பதினெட்டு என்ற சொல் வலைக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, நின்றுகொண்டது. பதினெட்டு என்றால் விலை அதிகாரியம்மாவின் காகிதத்தில் இருந்த எல்லையைத் தாண்டும். தாண்டினால் அவர் எதிர்த்தெருவுக்குப் போவார். எதிர்த்தெருக்காரர் கால்பந்து கோல் கம்பத்துக்கும் கட்டடச் சாரத்துக்கும் வலை பின்னுகிறவர், விலை குறைத்துக் கொடுக்கவே பிறந்தவர். அதுவுமல்லாமல், சட்டைத் துணி வாங்க வருபவரிடம் 'இது பத்தாது' என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. தையல்காரர் சொல்லித் திருப்பி அனுப்புவார், ஆள் மறுபடி வந்து அதே துணியில் இன்னும் ஒரு துண்டு வாங்குவார், அப்போது பேரம் இருக்காது. இவர்களும் கட்டிப் பார்ப்பார்கள், எட்டு கிலோமீட்டரோடு தீர்ந்துபோகும், திரும்பி வருவார்கள் என்று வலைக்காரர் கணக்குப் போட்டார்.

"பன்னிரண்டு" என்று தலையாட்டினார்.

ராணுவ மைதானத்தில் சோதனை நடந்தது. மாதிரி வலையைக் கட்டியது வலைக்காரரின் ஆட்கள். அவர்கள் கை பழக்கத்தில் மூன்றுக்கு இரண்டாகவே கட்டிவிட்டது. ஆறு பொம்மைகளை ஏவினார்கள், ஆறும் இறக்கை சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. அதிகாரியம்மா முதல் முறையாகச் சிரித்தார். "அடுத்தது நாற்பது கிலோமீட்டர் வருது. பட்டியல்ல உங்க பேர்தான் முதல்ல" என்றார்.

வலைக்காரர் அன்றே பின்புறக் காலி மனையில் புதுக் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டச் சொன்னார். இன்னும் இரண்டு பின்னல் இயந்திரங்களுக்குச் சொல்லிவைத்தார். சரக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு, அவர்கள் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. யாரும் வரவில்லை.

வந்தது மச்சான்.

மச்சான் என்பது வலைக்காரரின் மனைவியுடைய தம்பி. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஊருக்குள் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லாரியை, சண்டை தொடங்கிய பிறகு எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வந்து, அக்கா கையால் சாப்பிட்டு, அத்தானைக் கேலி செய்துவிட்டுப் போவது அவருடைய ஒரே பொழுதுபோக்கு.

"இந்த மாசம் என்னை மாத்திட்டாங்க அத்தான். உங்க வலை கட்டின ரோட்டுலதான் இனி. தினம் ரெண்டு நடை." தட்டை இழுத்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க குடும்பத்தையே வலைக்குள்ளதான் வச்சிருக்கீங்கன்னு அம்மா சொல்லும். இப்பத்தான் நேர்ல பாக்கிறேன்."

"எப்படி இருக்கு?"

"பிரமாதம். நீங்களே பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். லாரியின் முன் கண்ணாடி வழியாக எடுத்த படம். இரண்டு பக்கமும் கம்பங்கள், மேலே கூரைபோல் வலை. வலைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வாயில் இருந்த கவளம் அங்கேயே நின்றுவிட்டது.

வலை விறைப்பாக இருந்தது. புது மெத்தைக்கு உறை போட்டதுபோல், ஒரு மடிப்பில்லாமல், ஒவ்வொரு கண்ணும் நாற்புறமும் இழுபட்டுக் கட்டம் கட்டமாக நின்றது.

"இதை யாரு கட்டினது?"

"பொறியாளர் படை. அழகா இருக்கில்ல? முதல்ல அங்கங்க தொங்கிச்சாம். அவங்க பெரியவர் வந்து பாத்துட்டு, இது என்ன ராணுவமா சலவைக் கடையான்னு கேட்டு, எல்லாத்தையும் இழுத்துக் கட்ட வச்சாராம். சரியா ரோடு முடியிற இடத்துல வலையும் முடிஞ்சுதாம். ஒரு முழம் மிச்சமில்லை. உங்க அளவை அங்க எல்லாரும் மெச்சிக்கிறாங்க."

வலைக்காரர் கவளத்தை விழுங்கினார்.  அவர் கணக்கில் எல்லாமே இருந்தது, ஒன்றைத் தவிர. வலையைத் தொய்வில்லாமல் கட்டுகிற மனிதர்களும் உலகத்தில் உண்டு என்பது முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தலையில் உதித்ததில்லை.

மச்சான் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும். அக்காகிட்ட சொல்லாதீங்க. முந்தாநாள் எனக்கு முன்னாடி காய்கறி வண்டி ஒண்ணு போச்சு. பொம்மை வந்து வலையில மோதிச்சு. சிக்கவே இல்ல அத்தான். ஒரு நூல் அறுந்துச்சு பாருங்க, கம்பத்துலேருந்து கம்பம் வரைக்கும் தையல் பிரிஞ்ச மாதிரி சர்ருன்னு கிழிஞ்சுபோச்சு. பொம்மை உள்ள விழுந்து வண்டிக்குப் பின்னாடி வெடிச்சுது. டிரைவருக்கு ஒரு காது போச்சு. நல்லவேளை, வீட்டுக்காரி பக்கம் இருக்கிற காதுன்னு ஆஸ்பத்திரியில உக்காந்து சிரிக்கிறான்."

"நீ அந்த ரோட்டுல போகாதே."

"நான் போகலேன்னா? அங்க குழாய் உடைஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஆப்பரேஷன் பண்ற டாக்டர் கை கழுவுறதே என் லாரித் தண்ணியிலதான்."

"வேற டிரைவர்…"

"வேற டிரைவருக்கும் ஒரு அக்கா இருப்பாளே அத்தான்."

அவர் அக்கா குழம்புப் பாத்திரத்தோடு கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து தம்பியின் தட்டில் இரண்டு கரண்டி ஊற்றினார். கணவர் தட்டில் ஒன்றும் ஊற்றவில்லை.

மச்சான் போன பிறகு மனைவி வாய் திறந்தார். தொழிற்சாலையில் பின்னி முடித்த வலையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, பழுதுக் கண்ணைப் பிடிக்கிற பகுதி அவர் பொறுப்பு. ஆயிரம் கண்ணில் ஒன்று கோணினாலும் அவரிடமிருந்து தப்பாது. கணவர் முகமும் அப்படித்தான்.

"அந்தம்மா பன்னிரண்டுன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். பதினெட்டுன்னு சொல்லப் போறீங்கன்னு உங்க வாயையே பாத்தேன். நீங்க அவங்க பேனாவைப் பாத்தீங்க."

"திரும்பி வருவாங்கன்னு நெனச்சேன்."

"யாரு திரும்பி வரணும்னு இப்ப நான் நெனைச்சிட்டிருக்கேன் தெரியுமா?"

வலைக்காரருக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் முதல் பேருந்தில் ஏறினார்.

கொள்முதல் அலுவலகம் நாலு மணி நேரப் பயணம். மூன்றாம் மாடி நடைபாதையில் காலம் மாறியது கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு டாங்கிப் பல்சக்கரம் ஒன்று, அதன்மேல் யாரோ டீ டம்ளர் வைத்திருந்தார்கள். அதை ஒட்டி மோட்டார் சைக்கிள் டயர்கள், வேட்டைத் துப்பாக்கிப் பெட்டிகள், கடையில் வாங்கிய நாலு பறக்கும் பொம்மைகள். அதிகாரியம்மா அறையில் பல்சக்கரப் படங்கள் சுவரிலிருந்து இறங்கி மூலையில் சாய்ந்திருந்தன. மேசைமேல் தூண்டில் சாமான் விலைப் பட்டியல் விரிந்திருந்தது.

"வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

"அம்மா, வலையைத் தப்பாக் கட்டியிருக்காங்க. தொய்வு வேணும். மூணு மீட்டரை ரெண்டு மீட்டர்ல கட்டணும். இழுத்துக் கட்டினா பொம்மை சிக்காது, ஒரு நூல் போனா மொத்தமும் கிழியும். இன்னும் ஆறு கிலோமீட்டர் வேணும்."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டாவது மாசம் வருவீங்கன்னு நெனச்சேன். ஒரு மாசத்துலயே வந்துட்டீங்க. டாங்கிக்காரங்க இதையே ரொம்ப நாசூக்கா பண்ணுவாங்க. வண்டியை வித்து ஆறு மாசம் கழிச்சு, இந்தச் சக்கரம் இல்லாம ஓடாதேன்னு வருவாங்க."

"வியாபாரத்துக்காக வரலம்மா."

"வியாபாரிங்க எல்லாரும் அதையேதான் முதல்ல சொல்லுவாங்க. எங்கப்பா மளிகைக் கடை வச்சிருந்தார்."

"சும்மாவே தர்றேன். காசு வேண்டாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. "இப்பத்தான் எனக்குப் பயமா இருக்கு. சும்மா தர்றேன்னு சொல்ற சரக்குல என்ன கோளாறு?"

வலைக்காரர் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய்யைப் பளபளவென்று விற்றிருக்கிறார். இன்று கையில் இருந்தது நிஜம், அதை வாங்க ஆள் இல்லை. அதன் தோற்றமே சரியில்லை. அச்சு அசல் வியாபாரத் தந்திரம்போல் இருந்தது.

"சோதனையில ஆறும் மாட்டிச்சே, நீங்களே பாத்தீங்க. அது என் ஆளுங்க கட்டினது. அந்தப் போட்டோ இருந்தா எடுங்க. ரோட்டுப் போட்டோவையும் எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

அதிகாரியம்மா இரண்டையும் எடுத்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஒன்று வயிறு தொங்கியது, மற்றது பலகைபோல் கிடந்தது. தன் அளவு நாடாவைப் படத்தின்மேல் வைத்து ஏதோ அளந்தார். பிறகு கோப்பைப் பிரித்து, கிழிந்த வலைகள் பற்றிய அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நாலு இருந்தன. நாலையும் படித்து முடித்தபோது முகம் மாறியிருந்தது.

"சரி. நீங்க சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். ஆறு கிலோமீட்டர் பின்ன எத்தனை நாளாகும்?"

"நூல் கிடைச்சா ரெண்டு மாசம்."

"கிடைக்குமா?"

"கிடைக்காது."

"கிடைச்சாலும் என்னால வாங்க முடியாது. கூடுதல் கொள்முதல்னா புதுசா டெண்டர். ஏழு மாசம். இலவசமா வாங்கினா என் வேலை போகும்." கையை விரித்தார். "பல்சக்கரம் வாங்கின சட்டத்தை வச்சுக்கிட்டுத்தான் வலை வாங்கிட்டிருக்கேன். உலகம் மாறிடுச்சு. படிவம் மாறல."

வலைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். பேருந்தில் நாலு மணி நேரமும் அவர் சுற்றிச் சுற்றித் தப்பித்து வந்த இடம் இதுதான். 

"துறைமுகத்துல பழைய வலை கிடக்கு. அது போதும். தாராளமா."

"காக்காயைக்கூடத் தடுக்காதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"என் நோட்டுல இருக்கு. தயாரிப்பாளர் கருத்து, தகுதியற்றதுன்னு."

"அது பொய்ம்மா. முடிச்சு நழுவி, கண்ணு சின்னதும் பெருசுமா ஆயிடுச்சு, அதனாலதான் மீனுக்கு ஆகாதுன்னு கழிச்சாங்க. பொம்மைக்குக் கண்ணு ஒண்ணு பெருசா இருந்தா என்ன, ஒண்ணு சின்னதா இருந்தா என்ன? நூல் இரும்பு மாதிரி இருக்கு. பத்து டன் மீனை இழுத்த நூல்."

"எப்படித் தெரியும்?"

"அதுல பாதி நான் பின்னினது."

அதிகாரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க சரக்கை நீங்களே குப்பைன்னு சொன்னீங்களா?"

"புதுசை விக்கணுமே."

"பதினெட்டுங்கிறது?"

"அதுவும் அன்னிக்கே தெரியும்."

 அதிகாரியம்மா கண்ணாடியை எடுத்து இந்த முறை துடைத்தார். விலை இறங்கத் துடைப்பதுபோல் இல்லை.

"துறைமுகம் அரசாங்கத்தோடது. துறைக்குத் துறை மாத்த ஒரு கடிதம் போதும். டெண்டர் வேண்டாம். சாயங்காலமே லாரி அனுப்பலாம்" என்றார். "ஆனா என் கோப்புல அந்தக் குறிப்பு இருக்கிற வரைக்கும் அந்த வலையை நான் தொட முடியாது. குறிப்பை ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். காரணம் நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். தயாரிப்பாளர் தவறான தகவல் கொடுத்தார்னு. அதைப் போட்டா மூணு வருஷம் உங்ககிட்ட நாங்க ஒரு நூல்கூட வாங்க முடியாது. டெண்டர் முடியுற நிலையில இருக்கிற அந்த நாற்பது கிலோமீட்டர் எதிர்த்தெருவுக்குப் போயிடும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

வலைக்காரருக்கு அஸ்திவாரம் தோண்டிய மனை கண்ணுக்குள் வந்தது. இயந்திரத்துக்குக் கொடுத்த வாக்கு வந்தது. எதிர்த்தெருக்காரரின் பல்வரிசை முழுசாக வந்தது.

"வேற ஏதாவது மாதிரி எழுத முடியாதா? மறுபரிசீலனை, புதிய தகவல்…"

"பேரமா?"

"பழக்கம்."

"முடியாது." குரலில் கோபம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். "அவசரப்படாதீங்க. வீட்டுக்குப் போய் யோசிங்க. நாளைக்கு வந்தாலும் சரிதான்."

வலைக்காரர் பேனாவை எடுத்தார்.

"நாளைக்கு ரெண்டு நடை இருக்கும்மா" என்றார்.

அதிகாரியம்மாவுக்கு அது புரியவில்லை. வலைக்காரர் விளக்கவும் இல்லை. தன் கையெழுத்திலேயே எழுதினார். வலைக்காரர்கள் எழுதும்போதும் முடிச்சுப் போடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். எட்டு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில், அதிகாரியம்மா கேட்காத ஒரு வரியையும் சேர்த்தார்: 'கட்டும்போது மூன்று மீட்டர் வலைக்கு இரண்டு மீட்டர் கயிறு.'

துறைமுகத்திலிருந்து பதினொரு லாரி வலை போனது. பாரம் குறைந்த சந்தோஷத்தில் துறைமுக மேலாளர் டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். வலைக்காரர் தன் ஆட்களில் ஆறு பேரைச் சாலைக்கு அனுப்பினார். அது சரக்கு இல்லையாம், 'தன்னார்வ உதவி' என்று ஒரு கட்டம் படிவத்தில் காலியாக இருப்பதாக அதிகாரியம்மாவே கண்டுபிடித்துச் சொன்னார். புது வலையை அவிழ்த்துத் தளர்த்தி, மிச்ச தூரத்துக்குப் பழைய வலையைச் சேர்த்து, பத்து நாளில் கட்டி முடித்தார்கள். படையின் பெரியவர் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லையாம்.

அந்தப் பத்து நாளும் மச்சான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். வலைக்காரரின் மனைவி தினமும் இரண்டு முறை தம்பிக்குத் தொலைபேசி செய்தார், காலை நடை முடிந்ததும் ஒன்று, மாலை நடை முடிந்ததும் ஒன்று. "என்ன சாப்பிட்டே?" என்று மட்டும் கேட்பார். பதிலைக் கேட்டதும் வைத்துவிடுவார். கணவரிடம் தேவைக்குப் பேசினார். பத்தாம் நாள்தான் அவர் தட்டில் கேட்காமலே குழம்பு விழுந்தது.

அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு மச்சான் வந்தார். உட்காரும் முன்பே கைப்பேசியை நீட்டினார். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஒட்டுப்போட்ட கூரை, கம்பத்துக்குக் கம்பம் தொப்பையாகத் தொங்கியது. ஒரு தொப்பைக்குள் பறக்கும் பொம்மை ஒன்று நாலு இறக்கையும் சுற்றிக்கொண்டு தலைகீழாகக் கிடந்தது.

"என் லாரிக்கு நேர் மேல அத்தான். வண்டியை விட்டு இறங்கி ஓடினேன். திரும்பிப் பாத்தா, அது பாட்டுக்குத் தொட்டில்ல ஆடுது. பிறகு ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போனாங்க." தட்டை இழுத்துக்கொண்டார். "முன்னாடி அழகா இருந்துச்சு. இப்ப உங்க வயித்தைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

வலைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சை வலை. பதினைந்து வருஷம் இருக்கும். மனைவியும் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஓரத்துல ஒரு கண்ணு கோணல்" என்றார். "அப்ப நான் வேலைக்கு வரல."

சாப்பாட்டின் நடுவில் தொலைபேசி அடித்தது. எதிர்த்தெருக்காரர். இருபது வருஷமாக அவரும் இவரும் தெருவில் பார்த்தால் வானிலை பற்றி மட்டும் பேசிக்கொள்கிறவர்கள்.

"அண்ணே, நாற்பது கிலோமீட்டர் எனக்குத்தான் வந்திருக்கு. கேள்விப்பட்டிருப்பீங்க."

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்." அந்தச் சொல் வெளியே வருவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது.

"டெண்டர்ல புதுசா ஒரு வரி போட்டிருக்காங்க. மூணுக்கு ரெண்டாம். நாற்பதுன்னு பேசினது அறுபதா ஆயிடுச்சு! எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்தானோ, அவன் நல்லா இருக்கணும்."

"நல்லாத்தான் இருப்பான்."

"அதில்லண்ணே விஷயம். நாங்க கோலுக்கும் சாரத்துக்கும் பின்றவங்க. இழுத்துக் கட்டித்தான் பழக்கம். இந்தத் தொய்வை எப்படி விடுறது, முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு, கம்பத்துல எங்க கோக்கிறது, ஒண்ணும் பிடிபடல. கேக்க வெக்கமாத்தான் இருக்கு."

வலைக்காரர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். இந்த மௌனம் அவருக்குப் பழகியதுதான். நாக்கு நுனிவரை வந்த சொல் எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மனைவி கரண்டியோடு நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்குங்க" என்றார் வலைக்காரர். "முதல்ல ஓரக் கயிறு. மூணு கண்ணை எடுத்து ஒண்ணாக் கோக்கணும், நாலாவதை விடணும்…"

சோறு ஆறியது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு முறை 'எழுதினதைப் படிங்க' என்று கேட்டுத் திருத்தினார். 'எதுக்கும் நாளைக்குக் காலைல நம்ம ஆள் ஒருத்தனை அனுப்பி வைக்கிறேன்' என்று முடித்துத் தொலைபேசியை வைத்தார்.

மச்சான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "என்ன அத்தான், உடம்பு சரியில்லையா? எதிரிக்கு வகுப்பு எடுக்கிறீங்க. ஒரு நயா பைசா கேக்கல."

"அந்த நாற்பது கிலோமீட்டர்லயும் நீ தானேடா போவே" என்றார் வலைக்காரர்.

மச்சான் குழம்புப் பாத்திரத்தைத் தானே எடுத்து அத்தான் தட்டில் ஊற்றினார்.